உங்கள் தம்பியின் கணுக்கால் விஷயமாக

டோர்ச்சோல், பெல்கிரேடு
ஜனவரி 23

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய வுகோசாவா அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி நெவென்கா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். சரியாகச் சொன்னால், நான் நலம். உங்கள் தம்பி முழங்காலுக்கு மேலே நலம். அதற்குக் கீழே உள்ள சங்கதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே சோம்போரில் உங்கள் வீட்டுக்காரர் லூபா அண்ணனுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்றும், இலையுதிர்காலத்தில் நீங்கள் வறுத்து அரைத்து வைத்த மிளகாய் விழுதில் ஒரு பாட்டில்கூடப் பூஞ்சை பிடிக்கவில்லை என்றும் நம்புகிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் உங்கள் குரல் மூன்று அறை தாண்டிக் கேட்கும் அண்ணி, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் தம்பியோ இப்போது பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். எதிர்வீட்டு தெசாங்காவின் தங்கைதான் சோம்போரில் உங்களுக்கு முடி வெட்டுகிறவள் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியானால் உங்கள் காதுக்கு என்ன வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: ரதோமிர் இந்த அறுபத்திரண்டு வயதில் பனியில் அரைகுறையாக உடுத்திக்கொண்டு திரிகிறார், காமிரா வைத்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணின் பின்னால் அலைகிறார், கடைசியில் குடித்துவிட்டு நடுத்தெருவில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இதில் விழுந்தது மட்டும்தான் உண்மை. அதுவும் நடுத்தெரு இல்லை, நடைபாதை ஓரம்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருஷம் இந்த ஊர் லிஃப்டுகளைச் சோதனை போட்ட மனிதர் அவர். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் விக்கும், எது மழை நாளில் மட்டும் முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். போன மார்ச்சில் ஆபீஸில் ஒரு பூங்கொத்தையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூ நாலு நாளில் வாடியது. கடிகாரத்தைச் சமையலறையில் மாட்டி, அதற்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான், எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை. நான் கூட்டிச் சொல்லவில்லை அண்ணி. "சூப் வைக்கட்டுமா?" என்றால் "ம்." "உப்பு போதுமா?" "ம்." ஒருநாள் சோதித்துப் பார்க்க, "நம்ம கட்டடம் தீப்பிடிச்சு எரியுதுங்க" என்றேன். அதற்கும் "ம்." சவரம் செய்வதை நிறுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு, "யாருக்காகச் செய்யணும்?" என்றார். எனக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் கழித்து அதைச் சொல்ல ஏதோ வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. தாடி மார்புவரை வந்துவிட்டது.

சாப்பாடு குறைந்து இடுப்பு இளைத்ததில் பெல்ட் நிற்கவில்லை. உங்கள் அப்பாவின் பழைய தோள்வாரைத் தேடி எடுத்து மாட்டிவிட்டேன். கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து உடைத்தார். கடைக்குப் போய் வேறு வாங்க மாட்டேன் என்றார். அதே அப்பாவின் கறுப்பு நிறத் தடித்த பிரேமில் இவருடைய வில்லையைப் பொருத்தி வாங்கி வந்தேன். அக்டோபர் கடைசியில் குளிரில் இரண்டு காதும் வெடித்துவிட்டது. களிம்பு தடவியிருந்ததால் குல்லாவைக் காதுக்கு மேலே, உச்சந்தலையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வைத்துக்கொள்வார். இனிமேல் சொல்லப்போவதை உங்களிடமிருந்து இதுவரை மறைத்திருந்தேன், மன்னித்துவிடுங்கள்: அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் தைத்துக் கொடுத்த பழுப்புக் கம்பளிப் பேண்டை நான் துண்டுகளோடு சேர்த்துக் கொதிநீரில் துவைத்துவிட்டேன். அது ஒரு சாண் சுருங்கிவிட்டது. அவர் கவனிக்கக்கூட இல்லை. அதையே போட்டுக்கொண்டு கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. எலும்பைத் துளைக்கும் கொஷாவா காற்று மூன்றாவது நாளாக வீசிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகுப் பிடிப்பு. குப்பைப் பையை அவர் கையில் திணித்து, "இதையாவது கீழ கொண்டு போய்ப் போட்டுட்டு வாங்க" என்று வாசலுக்குத் தள்ளினேன். சாக்ஸ் போடவில்லை. கையில் கிடைத்த மெல்லிய கான்வாஸ் ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு போனார். ஐந்து நிமிஷ வேலை. நாற்பது நிமிஷம் ஆகியும் ஆளைக் காணோம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே படியில் பாதி தூரம் இறங்கிவிட்டேன். எதிரே ஏறி வருகிறார். கன்னம் இரண்டும் தக்காளிப் பழம்.

"எங்க போனீங்க?"

"நிக்கச் சொன்னாங்க. நின்னேன்."

"யாரு நிக்கச் சொன்னாங்க?"

"ஒரு பொண்ணு. போட்டோ எடுத்துச்சு. அப்புறம் சுவத்துல சாயச் சொன்னுச்சு. சாஞ்சேன். குப்பைப் பையையும் கையிலயே வச்சுக்கச் சொல்லிடுச்சு."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெண்ணைப் பற்றிய கவலையால் இல்லை. எட்டு மாதத்தில் அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியது அன்றுதான்.

அந்தப் பெண் பெயர் இஸ்க்ரா. ஊருக்குள் யார் யார் குளிர்காலத்தில் எப்படி நாகரிகமாக உடுத்துகிறார்கள் என்று படம்பிடித்து ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கிறவள். இரண்டு வாரம் கழித்து அந்தப் பத்திரிகை வந்தது. முழுப்பக்கத்துக்கு உங்கள் தம்பி! தாடி, தோள்வார், உங்கள் அப்பாவின் கண்ணாடி, உச்சிக் குல்லா, என் கையால் சுருங்கிய பேண்ட், அதற்குக் கீழே நீலம் பாய்ந்த இரண்டு கணுக்கால், கையில் எங்கள் வீட்டு உருளைக்கிழங்குத் தோல். கீழே, 'எதையும் பொருட்படுத்தாத நேர்த்தி' என்று போட்டிருந்தார்கள். எதையும் பொருட்படுத்தவில்லை என்பது என்னவோ நிஜம்தான். அதைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் தெருமுனையில் முன்பு செருப்பு தைக்கிற கடை இருந்த இடத்தில் ரெல்யா என்ற பையன் காப்பிக்கடை வைத்திருக்கிறான். பையன் என்ன, முப்பத்து மூன்று வயது. அவன் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, சண்டை போடத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும் வந்த வேகம் போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருந்த ஏழு பேரும் உங்கள் தம்பி மாதிரியே இருந்தார்கள். ஏழு தாடி, ஏழு உச்சிக் குல்லா, மேஜைக்குக் கீழே பதினான்கு வெறும் கணுக்கால். வெளியே பனி கொட்டுகிறது, அண்ணி! பழைய தினுசில் உடுத்துவதே நாகரிகம் என்கிற இவர்களுக்கு ஹிப்ஸ்டர் என்று பெயராம். நான் என்னவோ எல்லோரும் ஒரே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று நினைத்துவிட்டேன்.

ரெல்யா கல்லாவை விட்டு ஓடி வந்தான். "நீங்கதான் ரத்தோ மாமாவோட வீட்டுக்காரங்களா? உக்காருங்கம்மா, உக்காருங்க. அந்தப் பேண்ட் எங்க தைச்சது?"

"சோம்போர்ல. என் நாத்தனார் தைச்சது."

"அந்த நீளம்? கணுக்காலுக்கு மேல சரியா நாலு விரக்கடை நிக்குதே, அது எப்படி வந்துச்சு?"

"தொண்ணூறு டிகிரி வெந்நீர்ல வந்துச்சு."

அவன் அதைக் குறித்துக்கொண்டான். நிஜமாகவே, காகிதம் எடுத்து எழுதிக்கொண்டான். "நாங்கள்லாம் வருஷக்கணக்கா முயற்சி பண்றோம்மா. இவரு சும்மா குப்பை போட வந்தாரு, அசத்திட்டாரு. நாளைக்கு அனுப்பி வைங்க, காப்பி என் கணக்கு."

அனுப்பினேன். காலை பத்து மணிக்குப் போனவர் ஒரு மணிக்கு வந்தார். மறுநாளும் போனார். டிசம்பர் பிறந்ததும் நான் சொல்லாமலே கழுத்தைச் சுற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார், சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார், போகும்போது சீட்டியடித்தார். அந்தப் பிள்ளைகள் அவரிடம் லிஃப்ட் பற்றிக் கேட்கிறார்களாம். கயிறு அறுந்தால் என்ன ஆகும், பிரேக் எங்கே பிடிக்கும், பழைய லிஃப்டுகளில் ஏன் கண்ணாடி வைத்தார்கள் என்றெல்லாம். இவர் காகிதத் துண்டில் படம் போட்டு விளக்குகிறார். தெசாங்கா ஒருநாள் மாடிப்படியில் என்னை மடக்கி, "அந்த போட்டோக்காரிகிட்ட ரொம்பத்தான் ஒட்டிக்கிட்டாராமே உன் புருஷன்" என்று திரியைக் கொளுத்திப் போட்டாள். எனக்கும் வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். போய்க் காப்பிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். உங்கள் தம்பி இரண்டு கையையும் தூக்கி லிஃப்டை இழுக்கும் எடைக்கட்டு மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். இஸ்க்ரா வாயைப் பொத்தி ஒரு கொட்டாவி விட்டாள். எனக்கு அவள் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

ஆனால் குளிர் யாரைக் கேட்டு வருகிறது? மைனஸ் ஆறு, மைனஸ் ஒன்பது என்று இறங்கியது. உங்கள் தம்பி அதே கான்வாஸ் ஷூ, அதே சுருங்கிய பேண்ட், சாக்ஸ் கிடையாது, கம்பளி உள்பேண்ட் கிடையாது. ராத்திரி முழுக்க இருமல். ராக்கியாச் சாராயத்தில் நனைத்த சாக்ஸைத் தூங்கும்போதாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். ஷூவை அலமாரிக்கு மேலே ஒளித்து வைத்தேன். நாற்காலி போட்டு எடுத்துக்கொண்டார். நம் குலப் புனிதரின் திருநாளுக்கு அண்ணனின் உடம்பைச் சாக்கிட்டு நீங்கள் வராமல் போனதும் நல்லதாயிற்று. திருநாள் ரொட்டியை ஆசீர்வதித்து வெட்ட வந்த பாதிரியார் மந்திரத்தை மேலே சொன்னாரே தவிர, கண் இரண்டும் கீழே உங்கள் தம்பியின் கணுக்காலில்தான் இருந்தது. கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "கஷ்டம்னா சொல்லும்மா, நம்ம கோயில்ல கம்பளித் துணி குடுக்குறோம்" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அன்று விருந்தாளிகள் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு ஜோடி சாக்ஸ் போட்டா என்னங்க, வானமா இடிஞ்சு விழுந்துடும்?"

அவர் மீன் தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாக்ஸ் போட்டா நான் யாரு, நெவென்கா? தெருவுல போற ஒரு ஓய்வூதியக் கெழவன். சாக்ஸ் இல்லாம போனா பத்து பேர், 'ரத்தோ மாமா வந்துட்டாரு'ன்னு எழுந்து எடம் குடுக்குறாங்க."

"அதுக்கு நிமோனியாவா?"

"உக்காந்துக்கிட்டே செத்துக்கிட்டிருந்தேனே, அது பரவாயில்லையா?"

அண்ணி, எனக்கு நடக்கிற புருஷன் வேண்டும், ஆனால் இருமாத புருஷன் வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று ஒரு வாரம் முட்டைக்கோஸ் நறுக்கும்போதெல்லாம் யோசித்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நாம் பாவாடைக்குக் கீழே போடுகிறோமே, பாதத்திலிருந்து இடுப்புவரை வருகிற தோல் நிற ஸ்டாக்கிங்ஸ், அதில் உள்ளே பஞ்சு மாதிரி கம்பளி வைத்த குளிர்கால ரகம் ஒன்று வருகிறது. கடைக்குப் போனேன்.

"உங்களுக்காம்மா?" என்றாள் கடைப்பெண்.

"இல்ல, ஒரு மீட்டர் எண்பத்தஞ்சு உயரம்."

"மகளுக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டவில்லை. நல்ல பெண், தொழில் தெரிந்தவள். பிறகு, "என்ன கலர் அவரு?" என்று கேட்டாள். பாதாம், தேன், மணல் என்று மூன்றை எடுத்து விரித்தாள். நான் மூன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அவருடைய கணுக்காலை நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அதை அவ்வளவு கவனமாக நினைத்துப் பார்த்ததே இல்லை. தேனும் மணலும் ஒவ்வொரு ஜோடி வாங்கினேன்.

உங்கள் தம்பி அதைப் பார்த்ததும் என்னை ஏதோ கொலை செய்யச் சொன்ன மாதிரி பார்த்தார். "நான் முப்பத்து நாலு வருஷம் நகரசபைச் சீருடை போட்டவன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய், ஒரு கால் மணி நேரம் எதையோ முட்டிக்கொண்டு தள்ளாடுகிற சத்தம். "இதுல எது முன்பக்கம்?" என்று உள்ளிருந்தே கத்தினார். பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது. தாடி மட்டும் வெளியே வந்து, ரகசியமாகச் சொன்னது: "கதகதன்னு இருக்குடி."

மூன்று வாரம் ராஜ வாழ்க்கை. இருமல் நின்றது. மணல் நிறம் அச்சு அசல் தோல் மாதிரியே இருந்தது. ஒரே குறை, முடி இல்லை. "மாமா, உங்க கணுக்கால் எப்படி இவ்வளவு வழவழன்னு இருக்கு?" என்று இஸ்க்ரா ஒருநாள் கேட்டாளாம். "ஆலிவ் எண்ணெய்" என்றாராம் இவர். ரெல்யா மட்டும் ஒன்றும் கேட்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தானாம். தெரிந்துவிட்டதோ என்று அன்று முழுக்க இவருக்குச் சோறு இறங்கவில்லை.

விபத்து நடந்தது ஜனவரி பதிமூன்று, பழைய நாட்காட்டிப்படி நமது புத்தாண்டுக்கு முந்தின நாள். மைனஸ் பதினாலு. பகல் பன்னிரண்டு மணிக்கு இஸ்க்ரா என் சமையலறைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மாமா கடை வாசல்ல வழுக்கி விழுந்துட்டாரும்மா, ஆம்புலன்ஸ் வந்தாச்சு!" நான் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுச் செருப்போடு ஓடினேன். நடைபாதை ஓரமாக, ஒரு பெஞ்சு மெத்தையில் உங்கள் தம்பியைப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் அந்த ஏழு தாடிகள். வலது கணுக்கால் ரொட்டி மாவு மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த டாக்டரம்மா கையில் கத்தரிக்கோல். இவரோ இரண்டு கையாலும் பேண்ட் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்.

"கைய எடுங்க சார், வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"காலை வேணா வெட்டுங்க. பேண்டை வெட்டாதீங்க."

"என்னய்யா பேசறீங்க நீங்க?"

நான் குறுக்கே விழுந்தேன். "டாக்டர், அது என் நாத்தனார் தைச்ச பேண்ட், ஞாபகார்த்தமா வச்சிருக்கிற பேண்ட்." டாக்டரம்மா கேட்கவில்லை. என் கையையும் உங்கள் தம்பியின் கையையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு முழங்கால்வரை ஒரே இழுப்பாக வெட்டினார். வெட்டியதும் நிறுத்திவிட்டார். தோல் ஏன் சுருக்கம் சுருக்கமாக மடிகிறது என்று விரலால் கிள்ளிப் பார்த்தார். "ரத்தக் குழாய்க்குப் போடற மருத்துவ உறை" என்றேன் நான். டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தார். வெட்டுப்பட்ட துணி விலகி, முழங்காலுக்கு மேலே ஸ்டாக்கிங்ஸின் லேஸ் பூவேலை தெரிந்தது. உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி, அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கடிகாரத்துக்கு எதிரே எட்டு மாதம் பார்த்த முகம். போச்சு, இத்தோடு திரும்ப அந்த நாற்காலிதான் என்று நினைத்தேன்.

அப்போது ரெல்யா மெதுவாக அவர் பக்கத்தில் மண்டியிட்டான். காதோரம் குனிந்தான். எனக்கும் கேட்டது.

"மாமா, இது எந்தக் கடை? என்னோடது ரெண்டே நாள்ல கிழிஞ்சுடுது."

உங்கள் தம்பி ஒரு கண்ணைத் திறந்தார். ரெல்யா தன் பேண்ட் விளிம்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். பாதாம் நிறம். குதிகாலில் ஓட்டை. பின்னாலிருந்து இன்னொருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் காலைக் காட்டினான்; அவன் அக்காவுடையதாம். மூன்றாவது ஆள் ஷூவைக் கழற்றினான், உள்ளே இரண்டு பாலித்தீன் பையும் ஒரு செய்தித்தாளும். நான்காவது ஆள் சாக்ஸை வெட்டிப் பாதத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மேல்பாதியை எறிந்திருக்கிறான். இஸ்க்ரா, "எங்கப்பாவோட பட்டாள உள்பேண்ட், ரெண்டு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். ஏழு பேரில் நிஜமாகவே வெறுங்காலோடு இருந்தவன் ஒருவன்தான். அவன் உதடு நீலமாக, "நீங்கள்லாம் ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கிட்டத்தட்ட அழுதான்.

டாக்டரம்மா எழுந்து நின்று எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். "இந்தக் குளிர்காலத்துல மட்டும் இது எனக்குப் பதினோராவது கேஸ்" என்றார். "அதுல ஒருத்தர் போலீஸ்காரர். ஸ்ட்ரெச்சரைப் பிடிங்க." உங்கள் தம்பி தாடிக்குள்ளே சிரிக்க ஆரம்பித்தார். வலியில் ஐயோ என்கிறார், சிரிக்கிறார், மறுபடி ஐயோ என்கிறார். வண்டிக் கதவு சாத்துகிறவரை அந்தச் சத்தம் கேட்டது.

எலும்பில் விரிசல். ஐந்து வாரம் மாவுக்கட்டு. இப்போது என் பாட்டைக் கேளுங்கள். தினமும் நாலைந்து தாடிகள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. வாசலில் ஈரமான கான்வாஸ் ஷூ வரிசை. விருந்தாளிக்கு வைத்திருக்கும் வீட்டுச் செருப்பு போதாமல் ஒருவன் என் பூப்போட்ட செருப்பில் நடமாடுகிறான். ஊறுகாய்ப் பீப்பாய் பாதிக்கு வந்துவிட்டது. ரெல்யா குடியிருக்கும் கட்டடத்தில் ஆறு வருஷமாக லிஃப்ட் ஓடவில்லையாம். உங்கள் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் ஒரு பழைய கூட்டாளியை மிரட்டி அதை ஓட வைத்துவிட்டார். அந்தக் கட்டடத்து ஐந்தாம் மாடி அம்மாள் ஒருத்தி நன்றி சொல்லி ஒரு முழு வாத்து அனுப்பினாள். எல்லாம் சரி. ஆனால் மாவுக்கட்டுக்கு வெளியே ஐந்து விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு கம்பளித் துண்டு போட விடமாட்டேன் என்கிறார். "பிள்ளைங்க பார்ப்பாங்க" என்கிறார். கட்டுப் பிரித்ததும் பிப்ரவரிக் குளிரில் மறுபடி அதே ஷூவாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த உலகத்தில் அவர் பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். பிப்ரவரி பிறந்ததும் முதல் ரயிலில் கிளம்பி வாருங்கள். வந்து, அக்கா என்ற முறையில் நாலு அறை விடாத குறையாகத் திட்டி, முழங்கால்வரை கம்பளி சாக்ஸ் போடுவதாகப் குலப் புனிதர் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்குங்கள். இன்னொன்று. அந்த ஸ்டாக்கிங்ஸ் சமாசாரம் உங்களோடு இருக்கட்டும். லூபா அண்ணனுக்குக்கூடச் சொல்ல வேண்டாம், முடி வெட்டுகிறவளிடம் மூச்சு விடவேண்டாம். அந்தப் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள், அவர்கள் குட்டும் அதில் இருக்கிறது. நம் குடும்ப மானம் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அண்ணனுக்கு என் வணக்கம். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் ஆண்டவன் நல்ல தூக்கத்தையும், பனி வழுக்காத வாசற்படியையும், விறகு தீராத அடுப்பையும் கொடுக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
நெவென்கா

பி.கு.: உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டிய பிறகு திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். ஒட்டி முடித்து நிமிர்ந்தால் பால்கனியிலிருந்து சீட்டிச் சத்தம். எட்டிப் பார்க்கிறேன். உங்கள் தம்பி ஊன்றுகட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, தானே துவைத்த ஸ்டாக்கிங்ஸைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார். முற்றத்தைப் பார்த்த கொடியில்! பிறகு வாங்கியதையும் சேர்த்து நாலு ஜோடி. தொங்கப் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உறைந்து விறைத்துவிட்டது. எட்டுக் கால்கள் காற்றில் அணிவகுத்து நடக்கின்றன. எதிர்ப் பால்கனியில் தெசாங்கா. "நெவென்காவோடதா ரத்தோ, இவ்வளவு நீளமா இருக்கு?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் கேட்டது. "என்னோடது தெசாங்கா! உன் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, ராத்திரியெல்லாம் இருமுறாரு பாவம்!" தெசாங்கா உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கடை எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

எனவே அண்ணி, அடுப்பில் போட வேண்டாம். முடி வெட்டுகிறவளிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். திட்டுவதற்காக ரயில் ஏறவேண்டாம். சும்மா வருவதானால் வாருங்கள், வாத்து மிச்சம் இருக்கிறது. வரும்போது சோம்போர்ப் பெரிய கடையில் ஆறாம் நம்பர் அளவு கிடைக்கிறதா பாருங்கள், இங்கே தீர்ந்துவிட்டதாம். மணல் நிறமாக மூன்று ஜோடி. தேன் நிறம் வேண்டாம், அது அவருக்கு எடுக்கவில்லை.